கூட்ஸ் வண்டியும் கொக்கி மாட்டுகிறவனும்

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



அத்திப்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கூட்ஸ் வண்டிகள் ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு வேகன் ஆலை வாசலுக்குள் எப்படி நுழைந்தது என்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

அந்த நாளில் ஸ்டேஷன்தோறும் நின்று வரும் சில்லறைக் கூட்ஸ் வண்டி லூப் லைனில் ஒதுங்கும். ஆலைக்குரிய நாலு வேகன்களைக் கழற்றி, எஞ்சின் அவற்றை சைடிங்குக்குள் தள்ளிவிட்டு, காலி வேகன்களை இழுத்து வரும். சைடிங் வாயிலில் உள்ள பாயிண்ட்டுக்குப் பூட்டு உண்டு. சாவி ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பில். தப்பி உருளும் வேகன் மெயின் லைனை எட்டாதபடி அதைத் தடம் புரட்டவே ஒரு பாயிண்ட் வைத்திருப்பார்கள். வேகன் போனாலும் போகட்டும், பிரயாணிகள் பிழைக்கட்டும் என்ற கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆனால் தொழிலாளிக்கு? இரண்டு வேகன்களின் பஃபர்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து திருகுக் கொக்கியை மாட்டியவன் பாயிண்ட்ஸ்மேன். காட்டிய கொடியோ டிரைவரின் கவனமோ பிசகினால் நசுங்குவது அவன் மார்புதான். தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி இப்போது வந்திருக்கிறது. ஆயினும் பிரேக் குழாயை இணைக்க ஆள்தான் நடுவே இறங்க வேண்டும். 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி ஸ்டேஷனில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்கி ஒரு ரயில்வே தொழிலாளி மாண்டார்.

அதற்கு முந்திய மாதம், அக்டோபர் 11 இரவு, நமது கவரைப்பேட்டையில் என்ன நடந்தது? மெயின் லைனுக்கு சிக்னல் பெற்ற மைசூர்–தர்பங்கா எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. பலர் காயமுற்றனர், நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாயிண்ட் என்றால் என்ன என்று அன்றுதான் ஊருக்கே தெரிந்தது.

சில்லறைக் கூட்ஸ் ஏன் மறைந்தது? நாலு வேகனுக்காக எஞ்சினும் சிப்பந்திகளும் மணிக்கணக்கில் காத்திருப்பது நஷ்டம் என்றது ரயில்வே. 1980களுக்குப் பின், முழு ரயிலாக ஏற்றுகிறவனுக்கே இடம் என்றாகிவிட்டது. மெயின் லைனில் நெருக்கடி இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 40 வேகன்களை நிரப்ப எந்தச் சிறு அரிசி ஆலையால் முடியும்? லாரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. நிலக்கரிக்குக் கவலையில்லை; பாரதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூர் வந்து, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு முழு ரயிலாகவே போகிறது.

இதன் சுமை கூட்ஸ் ஷெட் கூலியின் தோளில் விழுகிறது. ரயில் நள்ளிரவில் வந்தாலும் குறித்த மணிக்குள் காலி செய்தாக வேண்டும். தாமதித்தால் சரக்குக்காரருக்கு டெமரேஜ். ஆகவே அன்று ஓட்டமும் விரட்டலும். மறுநாள் வேலையில்லை, கூலியில்லை.

1982ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தில் ஏற்றி இறக்கும் வேலையும் அடங்கும். நலவாரியத்தில் பதியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். மூட்டை தூக்கும் பீகார், ஒரிசாத் தோழர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் உள்ளே அழைத்து வாருங்கள்.