கேம் சென்டர் தொடங்கும் முன்: கணக்கும் ஹலாலும்

(தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகள் சிலர், "ஊரில் ஒரு கேம் சென்டர் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் ஒழுங்காக விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற நினைப்பு தவறல்ல. ஆனால் இதில் போடப்படுவது வாப்பாவின் பத்து வருடச் சம்பாத்தியம். சில வீடுகளில் உம்மாவின் நகை. அதனால் கடை திறப்பதற்கு முன் கணக்கைத் திறந்து பார்ப்போம்.

கையில் 20 லட்சம் இருக்கிறது என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் விளையாடும் மெஷின்களுக்கு 12 லட்சம். கடை அட்வான்ஸ் இரண்டரை லட்சம். வயரிங், ஏசி, உள் அலங்காரம் 4 லட்சம். மீதி ஒன்றரை லட்சம். பெரும்பாலோர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மாத வாடகை 25,000. கரண்டு 18,000. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் கடைக்குக் கிடையாது. வணிக இணைப்பில் யூனிட் கட்டணத்தோடு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணமும் உண்டு. இரண்டு பையன்களின் சம்பளம் 24,000. பழுது, உதிரிபாகம் 8,000. இன்டர்நெட், துப்புரவு, சில்லறைச் செலவு 5,000. ஆக 80,000 ரூபாய். மெஷின்கள் ஐந்து வருடம் உழைக்கும் என்றால், அடுத்த மெஷினுக்காக மாதம் 20,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் ஒரு லட்சம்.

அரை மணி நேரத்துக்கு 50 ரூபாய் என்றால், மாதம் 2,000 ஆட்டம் ஓட வேண்டும். பள்ளி நாட்களில் பிள்ளைகள் வருவது மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரைதான். எட்டு மெஷினும் இடைவிடாமல் ஓடினாலும் 64 ஆட்டம். பாதி நிறைந்தால் 32. மாதத்தில் 22 நாளுக்கு 704. மீதி 1,296 ஆட்டத்தை எட்டு விடுமுறை நாட்களில் பிடிக்க வேண்டும். அதாவது அந்த நாட்களில் எட்டு மெஷினும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் ஓட வேண்டும். அப்படி ஓடினாலும் கட்டுவது செலவு மட்டும்தான். முதலாளிக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை!

பரீட்சை மாதம் வரும். ரமளான் வரும், இஃப்தார், தராவீஹ் நேரத்தில் கடை திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. வாடகை மட்டும் நிற்காது. கையில் மிஞ்சிய ஒன்றரை லட்சம் இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் போதாது. ஆகவே எட்டு மெஷின் நினைத்தவர் நான்கில் தொடங்கட்டும். ஆறு மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கட்டும்.

மெஷினைச் சீனாவிலிருந்து இறக்கினால் மலிவு என்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலை விலையோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீதுதான் சுங்கவரி. அதற்கு மேல் ஐஜிஎஸ்டி. பிறகு கிளியரிங் ஏஜென்ட் கூலி, கண்டெய்னர் தாமதமானால் அதற்கும் கட்டணம். இறங்கும் விலையைக் கேட்டு எழுதுங்கள், இணையத்தில் பார்த்த விலையை எழுதாதீர்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு செலவு உண்டு. ஒன்று உப்புக் காற்று: சர்க்யூட் போர்டையும் ஏசியின் வெளி யூனிட்டையும் அரித்துவிடும். மற்றொன்று வெள்ளம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் கடை என்றால் மெஷினை எவ்வளவு உயரத்தில் வைப்பது, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

குறைக்கவே கூடாத செலவு பாதுகாப்பு. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோன் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அது நடந்து வந்தது. இரண்டாவது வாசல், தீயணைப்பான், சரியான வயரிங், மாநகராட்சி அல்லது நகராட்சி உரிமம் இவற்றுக்கான பணத்தை மெஷினுக்கு முன் ஒதுக்குங்கள். நம்மை நம்பி அனுப்பப்படும் பிள்ளைகள் நம்மிடம் அமானிதம்.

இனி ஹலால் விஷயம். நேரத்துக்குக் காசு வாங்கி விளையாட விடுவது ஒரு சேவைக்கான கட்டணம். காசு போட்டால் பொம்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற இடுக்கி மெஷினும், காசு தள்ளும் மெஷினும் வேறு வகை. 1961-ஓடு நின்றுபோன நம் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவரின் அதிர்ஷ்டம். முத்துக்குளிப்பவர் அடுத்த முழுக்கில் எடுக்கப் போவதை முன்கூட்டியே விற்பதை, என்னவென்று தெரியாத பொருளின் வியாபாரத்துக்கு உதாரணமாக ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. பரிசு மெஷின் வாங்கும் முன் ஆலிம்களிடம் கேளுங்கள். அதிக லாபம் தரும் மெஷின் அதுதான் என்று விற்பவர் சொல்வார். அந்த லாபம் சிறு பிள்ளையின் ஏமாற்றத்திலிருந்து வருகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கோ கடையில் இடமே வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றமே அதைத் தடை செய்துவிட்டது.

கடைசியாக, முதல் எங்கிருந்து வருகிறது? "லட்சம் கொடுங்கள், மாதம் இவ்வளவு லாபம் தருகிறேன்" என்று சொந்தக்காரர்களிடம் வாங்குவது, லாபம் என்ற பெயரில் வட்டி. முளாரபா என்றால் லாபத்தில் இன்ன விகிதம் என்று முதலிலேயே எழுத வேண்டும். உழைப்பவர் பொறுப்பாக நடந்தும் நஷ்டம் வந்தால், அது முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். பணம் தரும் மாமிக்கும் சாச்சாவுக்கும் இதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் தருகிறார்கள் என்றால் வாங்குங்கள். ஜகாத் கணக்கும் தனியாக இருக்கட்டும்: தொழிலுக்கான மெஷினுக்கு ஜகாத் இல்லை, சேர்ந்திருக்கும் ரொக்கத்துக்கு உண்டு.

ஒரு தாளில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். கணக்கு ஒத்துவராவிட்டால் ஒரு தாள்தான் நஷ்டம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.