காபிக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரான நம் உறுப்பினர் ஆற்றிய உரை)



28 வருஷம் ஊசி போட்டு, எடை பார்த்து, பிரசவத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போனவள் நான். இப்போ உங்களை மாதிரி ஒரு குழுவில் உறுப்பினர். "தைராய்டைப் பத்திப் பேசுங்க நர்ஸம்மா, நிறைய வீட்ல அந்த மாத்திரை டப்பா இருக்கு"ன்னு தலைவி சொன்னாங்க. உண்மைதான். ஆனா டப்பா இருக்கிற வீடெல்லாம் மாத்திரை ஒழுங்காப் போடுற வீடு இல்ல. அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

கழுத்தில் குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி ரெக்கை விரிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிற சுரப்பிதான் தைராய்டு. எடை 20 கிராம் பக்கம்தான் வரும். இது சுரக்கிற ஹார்மோனுக்கு டி4, டி3ன்னு பேரு. அயோடின் நாலு சேர்ந்தா டி4, மூணு சேர்ந்தா டி3. இதயம் எத்தனை தடவை துடிக்கணும், சாப்பிட்டது எவ்வளவு வேகமா செலவாகணும், உடம்புச் சூடு, மாதவிலக்கு, ஞாபகம் எல்லாத்திலும் இதுக்குப் பங்கு உண்டு.

ரிப்போர்ட்டில் 'டிஎஸ்எச்'னு ஒரு வரி இருக்கும். அதில்தான் எல்லோரும் குழம்புறாங்க. "எனக்கு தைராய்டு அதிகம், 18 இருக்கு"ம்பாங்க. அது அதிகம் இல்லம்மா, குறைச்சல். டிஎஸ்எச் தைராய்டில் சுரக்கிறதே இல்ல. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குறதுக்காக அனுப்புற ஆள் அது. தவணை ஒழுங்காக் கட்டுற உறுப்பினர் வீட்டுக்கு ஊக்குநர் போக மாட்டாங்க. கட்டாதவங்க வீட்டுக்குத்தான் நாலு நடை, அஞ்சு நடை போவாங்க. டிஎஸ்எச் ஏறுதுன்னா தைராய்டு தவணை கட்டலைன்னு அர்த்தம். கிட்டத்தட்ட 0.4-ல் இருந்து 4 வரைக்கும் சரியான அளவு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், கர்ப்பிணிக்கு அளவு வேற.

எங்க குழுவில் ஒருத்தங்க. பேர் வேண்டாம், விஷயத்தைச் சொல்லச் சொன்னது அவங்களேதான். கணக்கு நோட்டை அச்சடிச்ச மாதிரி எழுதுவாங்க. ஒரு வருஷம் கூட்டல் தப்பா வர ஆரம்பிச்சது. கூட்டத்துக்கு வர்றது குறைஞ்சது. மாட்டுக் கடனில் ரெண்டு தவணை நின்னுபோச்சு. "கடன் வாங்குறப்ப இருந்த சுறுசுறுப்பு கட்டுறப்ப இல்லை"ன்னு கூட்டத்திலேயே ஒரு பேச்சு வந்தது. வீட்லயும் "எந்நேரமும் படுத்தே கிடக்கா"ன்னுதான் பேச்சு. நான் போய்ப் பார்த்தப்ப முகம் உப்பியிருந்தது, குரல் கரகரன்னு இருந்தது, பங்குனி மாசத்தில் போர்வை போர்த்தியிருந்தாங்க. மலச்சிக்கல், முடி கொட்டுறது, மாதவிலக்கில் அதிகமாப் படுறது எல்லாம் கேட்கக் கேட்கச் சொன்னாங்க. யாரும் கேட்காததால சொல்லாம இருந்திருக்காங்க. டெஸ்ட் எடுத்தா டிஎஸ்எச் எங்கேயோ இருந்தது.

மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்தில் ஆள் எழுந்துட்டாங்க. மறுபடி டெஸ்ட், நார்மல். உடனே நிறுத்திட்டாங்க! "சரியாயிடுச்சே, எதுக்கு? காலமெல்லாம் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்"னு நாத்தனார் சொன்னாங்களாம்.

இங்கேதான் கவனமாக் கேட்கணும். அந்த மாத்திரை பேரு லெவோதைராக்ஸின். தைராய்டு சுரக்க வேண்டிய அதே டி4-ஐத்தான் மாத்திரையாக் கொடுக்கிறாங்க. சுரப்பி கொடுக்காததை வெளியில் இருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன அளவில் போட்டா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட்டில் நார்மல்னு வந்தது மாத்திரை போட்டதால வந்த நார்மல்.

இதில் ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு. நிறுத்தின மறுநாள் ஒண்ணும் தெரியாது. டி4 உடம்பில் பாதியாக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால ஒரு நாள் மறந்துட்டா பயப்பட வேண்டாம். அதனாலேயே, நிறுத்தினவங்க ரெண்டு மூணு வாரம் நல்லாத்தான் இருப்பாங்க, "பார்த்தியா, தேவையே இல்லை"ன்னும் சொல்வாங்க. அப்புறம் மெல்ல மெல்லப் பழைய சோர்வு வரும். அவங்களுக்கும் ரெண்டு மாசத்தில் வந்தது. மறுபடி ஆரம்பிச்சு, இப்போ போட்டுட்டுத்தான் இருக்காங்க. பிரசவத்துக்குப் பிறகு வர்ற சில வகை தைராய்டு கோளாறு தானாச் சரியாகிறதும் உண்டு. ஆனா நிறுத்தலாமான்னு டாக்டர்தான் சொல்லணும், நாத்தனார் இல்ல.

எப்படிப் போடணும்? வெறும் வயித்தில், தண்ணியோட. காபி, டீ, பால் எல்லாம் அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு. நம்ம வீடுகள்ல கண் முழிச்சதும் டீ. மாத்திரையை டீயிலேயே முழுங்குறவங்களைப் பார்த்திருக்கேன். போட்டும் அளவு இறங்கலைன்னா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். வேலைக்கு விடியலில் கிளம்புறவங்க, பல் விளக்குற இடத்துப் பக்கத்திலேயே மாத்திரையை வைங்க, குழந்தைக்கு எட்டாத உயரத்தில. அடுப்பு மேடையில் வேண்டாம், சூடு ஆகாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை போடுறவங்க நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க. சேர்த்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. அளவு மாத்தினா 6 முதல் 8 வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட், அதுக்கு முன்னால எடுக்கிறது காசுக்குக் கேடு. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுக்காதீங்க. உடம்பு இளைக்கணும்னு போடுறதா ஒரு பேச்சு கேள்விப்பட்டேன், அது இதயத்தைக் கெடுக்கும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் பேசுவேன். வயித்துக் குழந்தைக்கு முதல் மூணு மாசம் சொந்தமா தைராய்டு ஹார்மோன் கிடையாது. அதோட மூளை வளர்றது அம்மா கொடுக்கிற ஹார்மோனில்தான். அந்த நேரம் பார்த்து, "கர்ப்பத்தில் மாத்திரை சூடு"ன்னு மாமியார் நிறுத்தச் சொல்வாங்க. நிறுத்தக் கூடாது. பல பேருக்கு அப்போ அளவைக் கூட்டணும். நாள் தள்ளிப்போனது தெரிஞ்ச உடனே டாக்டரைப் பாருங்க, அஞ்சாம் மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு. பிரசவ ஆஸ்பத்திரியில் கேளுங்க. பிறவியிலேயே குறை இருந்தா, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சுட்டா குழந்தை மத்தக் குழந்தைகளை மாதிரியே வளரும். பிந்தினா மூளை வளர்ச்சியில் இழந்ததைத் திரும்ப வாங்க முடியாது.

உப்பு விஷயம். 1956-ல், இப்போ இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிற காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு ஆய்வு தொடங்கினாங்க. முன்கழுத்துக் கழலை அதிகமா இருந்த பகுதி அது. மூணு பகுதியாப் பிரிச்சு, ரெண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒண்ணுக்குச் சாதா உப்பு கொடுத்தாங்க. சில வருஷத்தில் அயோடின் உப்பு சாப்பிட்ட பக்கம் பிள்ளைகளுக்குக் கழலை குறைஞ்சது. 1962-ல் நாடு முழுக்கத் திட்டம் வந்தது. கடல் ஓரத்தில் இருக்கிற நமக்கு எதுக்குன்னு கேட்பாங்க. கடல் உப்பில் தானா இருக்கிற அயோடின் போதாது, அதனாலதான் கலக்கிறாங்க. கல் உப்பு வாங்குறவங்க, அதிலும் அயோடின் கலந்ததுன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. மூடி போட்டு வைங்க, குழம்பு இறக்கும்போது போடுங்க. ஆனா தைராய்டு குறைஞ்சவங்க எல்லோருக்கும் உப்பு மட்டும் காரணம் இல்ல. பல பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குது. அவங்க உப்பைக் கூட்டினா ரத்தக் கொதிப்புதான் கூடும்.

சுரப்பு அதிகமாகிற ஜாதியும் இருக்கு. நல்லாச் சாப்பிட்டும் இளைப்பாங்க, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், சிலருக்குக் கண் முன்னால் தள்ளும். அதுக்கு மருந்தே வேற. கழுத்தில் கட்டி தெரிஞ்சா, வலி இல்லைன்னு விட்டுடாதீங்க, காட்டிடுங்க.

முட்டைக்கோஸ் சாப்பிடலாமான்னு முன் வரிசையில் கேட்கிறாங்க. வேக வைச்சுத் தாராளமாச் சாப்பிடுங்க. மாத்திரை சீட்டும் ரிப்போர்ட்டும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டு வந்தவங்க சாப்பாட்டுக்கு முன்னால மேடைக்குப் பின்னாடி வாங்க, நான் பார்க்கிறேன். கடைசியா டெஸ்ட் எடுத்த தேதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும், முதல் கேள்வி அதுதான்.