மழலைக்கு முன் செவி
(சங்க ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியில் ஒரு குழந்தை இரண்டு வயதாகியும் பேசவில்லையெனில் நாம் என்ன சொல்கிறோம்? "வீட்டில் தமிழ், வாசலில் மராத்தி, கடைத்தெருவில் இந்தி, பிள்ளை குழம்பிவிட்டது" என்கிறோம். என் இளைய மகனைப் பற்றியும் அவ்வாறே சொன்னார்கள், நானும் நம்பினேன். பாட்டி தாம்பாளத்தைத் தட்டினால் அவன் திரும்புவான். அவன் திரும்பியது ஒலிக்கன்று. தரையின் அதிர்வுக்கும் கையின் நிழலுக்குமே என்பதை நாங்கள் அறியவில்லை. அறிந்தபோது அவனுக்கு வயது இரண்டரை.

பல மொழிகள் சூழ்ந்திருப்பதால் குழந்தை பேச்சிழப்பதில்லை. செவியில் விழாத மொழியே நாவில் ஏறுவதில்லை.

ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 1 முதல் 3 வரை நிலையான செவிக்குறையுடன் பிறக்கின்றன. அவர்களுட் பெரும்பாலோரின் பெற்றோர் நன்கு கேட்பவர்களே. ஆகவே, "எங்கள் குடும்பத்தில் அப்படி யாருமில்லை" என்பது உறுதியாகாது.

ஆரோக்கியமான உட்செவி, ஒலியை ஏற்கும்போது தானும் ஒரு மெல்லொலியைத் திருப்பி அனுப்புகிறது. இதனை 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்னும் அறிஞர் வெளியிட்டார். அதனைக் கொண்டே இன்று உறங்கும் சிசுவின் காதில் சிறுமுனை ஒன்றைப் பொருத்திச் சோதிக்கிறார்கள். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிஷங்களே ஆகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சிசுக்களுக்குச் செவிநரம்பையும் ஆராயும் 'பெரா' சோதனை வேண்டும்.

முதற் சோதனையில் தேறாவிடில் அஞ்ச வேண்டாம். காதில் தங்கிய நீரும் காரணமாகலாம். ஆனால் மறுசோதனையை விட்டுவிடலாகாது. நமக்கு இடர் இங்கேதான் நேர்கிறது. பிரசவம் தாய்வீட்டில்; வாசம் இங்கே. மறுசோதனைச் சீட்டு இரண்டு ஊர்களுக்கும் இடையே தொலைந்துவிடுகிறது! மகளையும் பேரனையும் ரயிலேற்றும்போது அச்சீட்டையும் பத்திரமாகக் கொடுத்தனுப்புங்கள். இங்கே பாந்த்ராவில் 1983-இல் நிறுவப்பெற்ற அலி யாவர் ஜங் தேசியக் கழகம் இதற்கென்றே இருக்கிறது.

ஒரு மாதத்துக்குள் சோதனை. மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல். ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல். இதுவே மருத்துவர் வகுத்த கணக்கு. சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் குறை தோன்றக்கூடும். ஆதலின் பேச்சு தாமதித்தால் காத்திராதீர்கள்.

காது குத்த நாள் பார்க்கிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்த்தோமா?

என் மகன் இன்று கருவியணிந்து தமிழில் பேசுகிறான். ஆயினும் அவன் என்னை முதன்முதல் "அம்மா" என்றழைத்தபோது அவனுக்கு வயது ஐந்து. ஆகவே, தொட்டிலிடும் விழாவுக்கு என்னை அழைக்கும் சகோதரிகளே, பெயர் என்னவென்று கேட்குமுன், "காதுச் சோதனை ஆயிற்றா?" என்று நான் கேட்டால் பொறுத்தருளுங்கள்.