முருங்கைப் பொடியும் சுகர் மாத்திரையும்: ‘ஆன்டிஆக்சிடன்ட்’னா என்ன?

இந்த எபிசோடுல ஒரே ஒரு வார்த்தையைப் பத்திதான் பேசப் போறேன். ஆன்டிஆக்சிடன்ட். ஃபேஸ் கிரீம்ல இருந்து கிரீன் டீ வரைக்கும் எல்லா டப்பாவிலயும் இருக்கிற வார்த்தை. எங்க வீட்டுல இந்த வார்த்தையை வச்சு ஒரு தப்பு நடந்துச்சு. பண்ணது நான்தான்.

எங்க அம்மாச்சி வீடு தேனி மாவட்டத்துல, வைகை அணைக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவுல இருக்கு. வீட்டுக்குப் பின்னாடி முருங்கைத் தோட்டம். இன்னைக்கு ‘செடி முருங்கை’ன்னு நாம சொல்ற பி.கே.எம். 1 ரகம், அங்கிருந்து அதிக தூரம் இல்லாத பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில இருந்து 1989-ல வெளியாச்சு. பி.கே.எம்.னா பெரியகுளம்தான். விதை ஊன்றி ஆறு மாசத்துல காய் பறிக்கலாம்.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சப்போ, ப்ராஜெக்டுக்கு அந்தத் தோட்டத்து இலையைத்தான் எடுத்தேன். இலையை நிழல்ல காயவச்சு, பொடி பண்ணி, மெத்தனால்ல ஊறவச்சு வடிகட்டணும். அந்தச் சாறுக்குப் பேர்தான் எக்ஸ்ட்ராக்ட். குளோரோஜெனிக் அமிலம், கெர்செட்டின், கேம்ப்ஃபெரால் வகையைச் சேர்ந்த பொருள்கள் எல்லாம் அதுல இறங்கும்.

அடுத்தது டி.பி.பி.எச். சோதனை. 1958-ல மார்ஸ்டன் பிளாய்ஸ் என்கிற விஞ்ஞானி அறிமுகப்படுத்தினது. டி.பி.பி.எச். கரைசல் நல்ல ஊதா நிறத்துல இருக்கும். அது ஒரு ஃப்ரீ ராடிகல், அதாவது ஜோடி சேராத ஒரு எலக்ட்ரானோட நிக்கிற மூலக்கூறு. நம்ம சாறுல இருக்கிற பொருள் அதுக்கு ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தா, ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்கிச்சுன்னு 517 நானோமீட்டர் ஒளியில மெஷின் அளந்து சொல்லும். ‘80% ஆக்டிவிட்டி’ன்னு எங்கயாவது படிச்சா, அந்தக் குழாயில ஊதா நிறம் அவ்வளவு குறைஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

எனக்கு ரிசல்ட் பிரமாதமா வந்துச்சு. சந்தோஷத்துல ஊருக்குப் போன் போட்டு, “அம்மாச்சி, நம்ம தோட்டத்து முருங்கை பயங்கர பவர்!”னு சொன்னேன்.

மூணு மாசம் கழிச்சு பொங்கலுக்குப் போறேன், ஆள் பாதியா இளைச்சிருக்காங்க. கால் எரியுதுன்னு ராத்திரி தூங்குறதில்ல. அலமாரியில சுகர் மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு. பக்கத்துல கடையில வாங்கின முருங்கை இலைப் பொடி டப்பா. மேல பெருசா, ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’.

“ஏன் அம்மாச்சி மாத்திரையை நிறுத்துனீங்க?”

“நீதான தாயி சொன்ன, நம்ம முருங்கையில அம்புட்டு சத்து இருக்குன்னு. மாத்திரை வெறும் கெமிக்கலு. இது இலைதான?”

எனக்குப் பேச்சே வரல. என்னோட சோதனையில சர்க்கரைங்கிற விஷயமே கிடையாது. நான் அளந்தது ஒரு கலரை.

அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லத் தெரியாததை இப்ப உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல, நான் இலையை ஊறவச்சது மெத்தனால்ல. அது விஷம், குடிக்க முடியாது. அம்மாச்சி பொடியைக் கலக்குறது வெந்நீர்ல. கரைப்பான் மாறினா இறங்குற பொருளும் அளவும் மாறும்.

ரெண்டாவது, உடம்பு கண்ணாடிக் குழாய் இல்ல. கெர்செட்டின் மாதிரிப் பொருள்கள் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகும். அதையும் குடலும் கல்லீரலும் வேற வடிவத்துக்கு மாத்திடும்.

மூணாவது, நிறையச் சாப்பிட்டா நிறைய நல்லதுன்னும் கிடையாது. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற ஆண்கள் 29,000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும்னு எதிர்பார்த்தாங்க. 1994-ல முடிவு வந்தப்போ, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமா வந்திருந்துச்சு. அமெரிக்க வேளாண் துறையும், உணவுப் பொருள்களோட ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒண்ணை இணையத்துல வச்சிருந்தது. அந்த எண்ணுக்கும் மனுஷ உடம்புல நடக்கிறதுக்கும் சம்பந்தம் நிரூபணமாகல, கம்பெனிகள் அதைத் தப்பா பயன்படுத்துறாங்கன்னு சொல்லி, 2012-ல எடுத்துட்டாங்க.

அப்போ முருங்கை வேஸ்டான்னு கேட்காதீங்க. அது அருமையான கீரை. சர்க்கரையைப் பொறுத்தவரை மனுஷங்கள வச்சு சின்னச் சின்ன ஆய்வுகளும் நடந்திருக்கு. சிலதுல பலன் தெரிஞ்சது, சிலதுல தெரியல. மாத்திரையைத் தூக்கிப் போடுற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

இன்னொரு விஷயம். அம்மாச்சி ‘வெறும் கெமிக்கலு’ன்னு ஒதுக்கின மாத்திரை மெட்ஃபார்மின். அதோட பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவுல நாட்டு மருந்தா இருந்த கலேகா செடி. ஆடுகள் நிறைய மேஞ்சா செத்துப்போற அளவுக்கு விஷம் உள்ளது. அதுல இருந்த கலேகின்ங்கிற பொருளைப் படிச்சு, அந்தக் குடும்பத்துலயே ஆபத்து குறைஞ்ச ஒண்ணைத் தேடினப்போ வந்ததுதான் மெட்ஃபார்மின். 1922-ல ஆய்வகத்துல செஞ்சாங்க. 1957-ல ஃபிரான்ஸ்ல ஜான் ஸ்டெர்ன் என்கிற டாக்டர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். செடியில இருந்து மாத்திரைக்கு வர அத்தனை வருஷமும், அத்தனை சோதனையும் தேவைப்பட்டுச்சு. நான் செஞ்சது அதுல முதல் படிகூட இல்ல.

இதை அம்மாச்சிகிட்ட சொன்னப்போ, “அதுவும் இலைதானா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?”னு கேட்டாங்க. டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு. கீரையையும் நிறுத்தல. பாசிப்பருப்புப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கித்தான் சாப்பிடுறாங்க. கரோட்டின் உடம்புல சேர அந்த எண்ணெய் உதவும்.

அடுத்த தடவை ஒரு டப்பாவுல அந்த வார்த்தையைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க. எதுல எடுத்த சாறு? சோதிச்சது குழாயிலயா, எலியிலயா, மனுஷங்களிலயா? அளந்தது என்ன?

எபிசோடு முடிஞ்சதும் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு போன் போடுங்க. மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு கேளுங்க. நான் மூணு மாசம் கேட்காம விட்டேன். அம்மாச்சிக்குக் கால் எரிச்சல் இன்னும் முழுசா போகல.