காலநிலை மாற்றமும் நம் தெருவும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓட்டு வீட்டின் திண்ணையில், பதினொரு பிள்ளைகளைக் கொண்டு இரவுப் பாடசாலையாகத் தொடங்கியது இச்சங்கம். இன்று அதன் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இம்மேடையின் முன் அமர்ந்திருக்கின்றனர். இதனினும் பெரிய மகிழ்ச்சி எனக்கு வேறில்லை. ஆயினும் ஒரு குறையுண்டு. அந்தத் திண்ணைப் பள்ளியின் முதல் வருகைப் பதிவேடு நம்மிடம் இல்லை. முதல் ஆண்டின் ஐப்பசி மழையில் தெருவுக்குள் புகுந்த வெள்ளம் அதனைக் கொண்டுபோயிற்று. மலருக்காகப் பழைய ஆவணங்களைத் தேடிய நண்பர்கள் அதனைக் கூறியபோது, இன்று நான் பேசவேண்டியது இதைப் பற்றியே என்று எண்ணிக்கொண்டேன்.

காலநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்பதற்கு மாநில அரசு எவ்வாறு திட்டமிடுகிறது என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். "படிப்பு, வேலை, வீட்டுமனை என்று நமக்கு ஆயிரம் கவலைகள் இருக்க, வானத்தைப் பற்றிப் பேச நமக்கென்ன அவசியம்?" என்று சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நடப்பது என்னவென்று காண்போம். நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் எழும் கரியமில வாயு, போர்வைபோல் நின்று புவியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கிறது. 2024ஆம் ஆண்டு, அளவீடுகள் தொடங்கிய நாள்முதல் அதுவரை கண்ட ஆண்டுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அவ்வாறு தாங்கிய நீரைக் காற்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கவும் கூடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது மிகுதி. ஒரே மழைக்குக் காலநிலை மாற்றமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தகைய பெருமழைகளுக்கான வாய்ப்பு மிகுந்து வருகிறது என்பதில் அறிவியலாளரிடையே ஐயமில்லை.

இதனை எதிர்கொள்ள அரசுகள் என்ன செய்தன? 2008ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு, எட்டு இயக்கங்களைக் கொண்ட தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அதனையொட்டி ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் திட்டம் வகுக்கவேண்டும் என 2009இல் கேட்டுக்கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் திட்டம் அவ்வாறு உருவானதே. வேளாண்மை, நீர்வளம், காடுகள், கடற்கரை, ஆற்றல், குடியிருப்பு, அறிவுத்திரட்டு என ஏழு துறைகளாக அது பிரிக்கப்பட்டிருந்தது.

பின்னர் 2021இல் சுற்றுச்சூழல் துறையின் பெயருடன் காலநிலை மாற்றமும் சேர்க்கப்பட்டது. பணிகளை நடத்துவதற்கெனத் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2022இல் முதலமைச்சரின் தலைமையில் ஆட்சிமன்றக் குழு அமைக்கப்பட்டது. காடும் மரமும் மூடிய பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஐந்து ஆண்டுகளில் நூறு ஈரநிலங்களைக் காக்க ஈரநில இயக்கம், இவற்றோடு காலநிலை மாற்ற இயக்கம் என ஒவ்வொன்றாய் எழுந்தன. மாவட்டந்தோறும் ஆட்சியரை இயக்குநராகக் கொண்டு மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் ஏற்படுத்தப்பட்டதை நம் இளைஞர்கள் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நாம் மனுவோடு சென்று நிற்கக்கூடிய வாசல் அதுவே. இவையனைத்தும் பாராட்டத்தக்க முயற்சிகள். பல மாநிலங்களுக்கு முன்னே சென்ற முயற்சிகள். இதனை நான் மனமாரக் கூறுகிறேன்.

இனி, ஒரு திட்டம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். ஓர் இடத்துக்குள்ள ஆபத்தை அறிய மூன்று கேள்விகளை வல்லுநர்கள் எழுப்புகின்றனர். புயலோ வெள்ளமோ வெப்பமோ வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பது முதற்கேள்வி. அது வரும் வழியில் எத்தனை மக்களும் வீடுகளும் வயல்களும் உள்ளன என்பது இரண்டாவது. அம்மக்கள் அடிபட்டால் எழுந்து நிற்கும் வலிமை அவர்களுக்கு எவ்வளவு என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு வானிலை ஆய்வாளர் விடை தருவார். இரண்டாம் கேள்விக்கு வரைபடமும் துணைக்கோள் படமும் பெருமளவு விடை தரும். மூன்றாம் கேள்விக்கு விடை வானத்திலிருந்து கிடைப்பதில்லை. தரையில் எழுதப்பட்ட ஏடுகளிலிருந்தே கிடைக்கிறது. ஏட்டில் எழுதப்படாத தெருவுக்குத் திட்டத்தில் இடமில்லை.

இதனை நான் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இக்குற்றத்தைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்ததை இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

2008 நவம்பரில் நிஷா புயல் காவிரிப் படுகையைத் தாக்கியபோது நான் உதவி ஆசிரியன். வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களையும் அனுப்பினர். எனக்குத் தரப்பட்ட படிவத்தில் ஊருக்கு ஒரு வரி இருந்தது. தெருவுக்கு வரி இல்லை. நீர் தேங்கிய உயரம் எவ்வளவு என்று ஒரு கட்டம். நான் ஊரின் பெரிய தெருவில் நின்று அளந்தேன், கணுக்கால் அளவு. அதையே எழுதினேன். வடிகால் வாய்க்காலுக்குத் தெற்கே, நான் பிறந்த தெருவில், இடுப்பளவு நீர் நான்கு நாட்கள் நின்றது எனக்குத் தெரியும். "படிவத்தில் இடமில்லையே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலும் ஒரு வரி எழுதுமாறு மேலதிகாரியிடம் கேட்க அஞ்சினேன். நம் தெருவுக்காகப் பரிந்து பேசுகிறான் என்று நினைப்பார்களே என்ற அச்சம்.

நிவாரணம் வந்தபோது நம் ஊர் 'சிறிதளவு பாதிப்பு' என்ற பட்டியலில் இருந்தது. எங்கள் தெருவின் பாட்டி ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏம்ப்பா, ஒன் ஆத்தா நாலு நாளா பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல கெடந்தாளே, அவளையும் எழுதலையா நீ?" நான் பதில் சொல்லவில்லை. பி.ஏ., பி.எட். படித்த எனக்கு அன்று ஒரு வரி எழுதத் துணிவில்லாமல் போயிற்று. அந்தப் பாட்டி இன்று இல்லை. அவருடைய கேள்வி இருக்கிறது.

அன்புடையீர், நம் குடியிருப்புகள் பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பது இயற்கையின் செயலன்று. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று சாதி வகுத்த வரைபடம் அது. அரசு ஏடுகளிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என 2025இல் மாநில அரசு அறிவித்தது. அதனை வரவேற்கிறோம். சொல் நீங்கினால் போதாது, பள்ளமும் நீங்கவேண்டும்.

படிவத்தில் விடுபடுவது தெரு மட்டுமன்று. பயிர் அழிந்தால் இழப்பீடு அடங்கலில் பெயர் உள்ளவருக்குக் கிடைக்கிறது. நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் கூலி நாட்கள் அழிகின்றன. அவ்விழப்புக்குப் பயிர்க் கணக்கில் கட்டம் இல்லை. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவருக்கும் இதே நிலை. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை காலநிலையால் வந்ததன்று. ஆயினும் அதிலிருந்து கற்கவேண்டியது உண்டு. மீன்பிடித் தொழிலில் இல்லாத தலித் குடும்பங்கள் பல நிவாரணத்தில் விடுபட்டதை மனித உரிமை ஆய்வாளர்கள் அன்று பதிவு செய்தனர். கடலோரத்தில் வாழ்ந்தும், படகு இல்லை என்பதால் அவர்கள் இழந்தது எவர் கண்ணிலும் படவில்லை.

வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்கவும் வகை செய்தது. நல்ல ஆணை. ஆனால் சித்திரை வெயிலில் செங்கல் சூளையிலோ வயல் வரப்பிலோ ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தால், "மாரடைப்பு" என்று ஊரார் சொல்ல, அன்று மாலையே அடக்கம் நடந்துவிடுகிறது. இறப்புக்குக் காரணம் வெப்பம் என மருத்துவர் எழுதினாலன்றி அந்த ஆணை அவ்வீட்டை எட்டாது. இதனை அறிந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கவேண்டாமா?

நீரும் திட்டமும் நமக்குத் தொடர்பில்லாதவை என்று எண்ணுவோர் அண்ணல் அம்பேத்கரை நினைத்துப் பார்க்கவேண்டும். 1927இல் மகாடு குளத்தின் நீரை அள்ளிப் பருகி உரிமையை நாட்டியவர் அவர். அதே மனிதர் 1942முதல் 1946வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிகோலினார். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியான அமைப்பு 1945இல் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் உருவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கட்டாக்கில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றி நடந்த மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். மிகுந்த நீரைத் தீங்கென்று கருதுவது தவறு, அதனைத் தேக்கிப் பயன்கொள்ளவேண்டும் என்பதே அங்கு அவர் ஆற்றிய உரையின் சாரம். குளத்து நீரைத் தொடவிடாமல் தடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர் ஒரு நாட்டின் ஆறுகளுக்குத் திட்டம் வகுத்தார். அவர் வழியில் வந்தோம் என்று கூறிக்கொள்ளும் நாம் நம் தெருவின் வாய்க்காலுக்கேனும் ஒரு கணக்கு வைத்திருக்கவேண்டும்.

ஆகவே, இவ்வெள்ளி விழா ஆண்டில் சங்கம் ஒரு பணியை மேற்கொள்ள வேண்டுமென்று முன்மொழிகிறேன். அதுவே 'தெருப் பதிவேடு'. நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவியரும் இருவர் இருவராகச் சென்று வீடுதோறும் எழுதட்டும். தெருமட்டத்துக்கு மேல் வாசற்படி எத்தனை அடி உயரம்? கடந்த வெள்ளத்தில் நீர் சுவரில் எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது? வீடு குடிசையா, ஓடா, காரையா? மனைக்குப் பட்டா உண்டா? முதியோர், நடக்க இயலாதோர், கருவுற்றோர் எத்தனை பேர்? குடிநீர்க் குழாய் எந்நாளில் மூழ்கும்? சுடுகாட்டுப் பாதை எப்போது துண்டிக்கப்படும்? வடிகால் எங்கே அடைபட்டுள்ளது? ஒரு முழக்கோலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் ஆண்டைக் குறித்து வண்ணக் கோடு இடுங்கள். அடுத்து வரும் அலுவலர் எங்கு நின்று அளந்தாலும் அந்தக் கோடு பேசும்.

எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்கலாகாது. 2022முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று நம் பதிவேட்டைச் சபையில் படித்துத் தீர்மானமாக எழுதச் செய்வோம். தீர்மானத்தின் நகலை வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குவோம்.

நிதி எங்கே என்று கேட்பர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு இருபதின்மர் பட்டியல் சாதியினர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கவும், ஒதுக்கியதை முறையாகச் செலவிடவும் மாநிலச் சட்டமன்றம் 2024இல் சட்டம் இயற்றியது. நம் தெருவின் வடிகாலையும், உயர்த்திய பாதையையும், புயல் காப்பிடத்தையும் அந்நிதியில் கேட்க முடியும். கேட்பவர் கையில் கணக்கு இருந்தால் கேள்விக்கு எடை கூடும்.

தொடக்கத்தில் மூத்தவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். படிப்புக்கும் வானத்துக்கும் என்ன தொடர்பு? ஆண்டுதோறும் நூல்கள் நனையும் வீட்டில் படிப்பு நிலைக்காது. பள்ளத்தில் வீடு கட்டிச் சேர்த்த பொருள் ஒரே இரவில் போனால், ஒரு தலைமுறையின் முன்னேற்றமும் அதனோடு போகும். நம் பிள்ளைகளுக்கு நாம் தந்த எழுத்தறிவு, பணி தேடும் விண்ணப்பத்தோடு நின்றுவிடலாகாது. நம் தெருவை நாட்டின் ஏட்டில் ஏற்றவும் பயன்படவேண்டும்.

முதல் பதிவேட்டை வெள்ளம் கொண்டுபோயிற்று. இரண்டாம் பதிவேட்டை நாம் எழுதுவோம். அதில் முதல் வரியாக, 2008இல் நம் தெருவில் இடுப்பளவு நீர் நான்கு நாட்கள் நின்றது என்பதை என் கையால் எழுதி ஒப்பமிட அனுமதி தாருங்கள். காலந்தாழ்ந்த வரிதான், ஆயினும் அது நான் எழுதவேண்டிய வரி.