பஃபினின் வெள்ளையும் அம்மாவின் நீலமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். செயலாளர் கேட்டது என் பொழுதுபோக்கைப் பற்றி. நான் பறவைகளைப் படம் பிடிக்கிறவள். இன்று பஃபின் என்ற கடற்பறவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் நம் வெள்ளைச் சீருடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பாமன்கடையில் எங்கள் வீட்டுக் கொடியில் ஐந்து வெள்ளைச் சட்டைகள் காயும். தோய்த்து முடித்த கடைசித் தண்ணீரில் அம்மா நீலம் கரைப்பார். நீலம் குறைந்தால் சட்டை மஞ்சளடிக்கும். கூடினால் ஆகாய நிறமாகும். இரண்டில் எது நடந்தாலும் திங்கட்கிழமை வாசலில் மாணவத் தலைவியிடம் அகப்பட வேண்டியதுதான். மஞ்சளை நீலம் சரிக்கட்டும் என்பதை நான் படித்தது பௌதிகவியல் வகுப்பில் அல்ல, அந்த வாளியில்.

இப்போது நான் வேலை செய்வது இங்கிலாந்தின் வடகிழக்கில். அங்கே சீஹவுஸஸ் என்ற சிறு துறைமுகத்திலிருந்து படகில் போனால் ஃபார்ன் தீவுகள். 1925 முதல் நஷனல் ட்ரஸ்ட் அவற்றைப் பராமரித்து வருகிறது. வசந்தத்தில் வரும் பஃபின்கள், ஜூலை முடிவதற்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடும். ஒரு பறவையின் நிறை ஏறக்குறைய 400 கிராம். மண்ணில் வளை தோண்டி ஆண்டுக்கு ஒரேயொரு முட்டைதான் இடும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சள் சொண்டு. அந்தச் சொண்டின் பகட்டும் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு மட்டும்தான். பிறகு மேலோடு உதிர்ந்து மங்கிவிடும். உலக அளவில் அழிவு அபாயத்தில் இருக்கும் பறவை இது. பாதையை விட்டு ஓரடி தவறி வைத்தால் காலடியில் ஒரு வளை இடியலாம். ஆகவே படம் எடுக்க முதல் விதி, பாதையில் நிற்பது. இரண்டாவது விதி, தொப்பி போடுவது. பக்கத்தில் கூடு கட்டியிருக்கும் ஆலாக்கள் தலையில் கொத்தும்!

முதல் வருடம் நான் நின்றபடியே எடுத்தேன். எல்லாப் பறவையும் மேலிருந்து பார்த்த பொம்மை போல வந்தன. அடுத்த வருடம் முழங்காலில் இருந்து, பறவையின் கண் மட்டத்தில் எடுத்தேன். அது பார்க்கும் பக்கத்தில் இடம் விட்டேன். அரை அடி நகர்ந்தால் பின்னாலிருக்கும் பாறை மறைந்து தூரக் கடல் வரும் என்று கண்டுகொண்டேன். இன்னொரு பழக்கமும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். சென்னையின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். நிறத்தை எடுத்துவிட்டாலும் படம் நிற்கிறதென்றால் அமைப்புச் சரி.

நிறம்தான் கஷ்டம். வெயிலில் வெள்ளை வயிறு வெளுத்து இறகே தெரியாமல் போகும். அதைக் காப்பாற்ற வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுக்க வேண்டும். மப்பும் மந்தாரமுமான நாளே நல்ல நாள். திருத்தும்போது எல்லோருக்கும் சொண்டின்மேல்தான் கை போகும். சொண்டைத் தொடாதீர்கள். வெள்ளையைச் சரியாக்கினால் சொண்டு தானாகச் சரியாகும். இரவு மஞ்சள் விளக்கின் கீழிருந்து திருத்தவும் வேண்டாம்.

இப்படி மூன்றாவது வருடம் எனக்குத் திருப்தியாக ஒரு படம் அமைந்தது. பெரிதாக அச்சிட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் அம்மா சொன்னார்: "படம் வடிவு, பிள்ளை. ஆனா இந்தக் குருவியின்ரை வயிறு ஏன் மஞ்சளாக் கிடக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணினியில் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அம்மா சொல்கிறாரே என்று நீலத்தைக் கூட்டி, இன்னொன்று அச்சிட்டு அனுப்பினேன். "இப்ப சரி" என்றார். எனக்கும் சந்தோஷம்.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தேன். சுவரில் அந்த இரண்டாவது படம். பஃபின் குளிரில் விறைத்தது போல நீலம் பாரித்து நின்றது. பின்வளவுக்குப் போனேன். கொடியில் துவாய், தலையணை உறை, அப்பாவின் வேட்டி எல்லாம் ஆகாய நிறம். வாளிக்குப் பக்கத்தில் நீலம் கரைத்தபடி அம்மா. "எவ்வளவு போட்டாலும் மஞ்சள் போகுதில்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயதாகும்போது கண்வில்லை மஞ்சளாகிப் புரை படர்கிறது. உலகில் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் கண்புரை. இதை நான் பரீட்சையில் எழுதியவள். அம்மா தன் கண்ணைப் பற்றி ஐந்து மாதத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார். நான் படத்தைத் திருத்தினேன்.

முதலில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகு அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். சிகிச்சை செய்யாத கண்ணில் சுவர் பிளேன்ரீ நிறமாம், மற்றதில் வெள்ளையாம். வீட்டுக்கு வந்து கொடியைப் பார்த்துவிட்டு, "ஆர் இவ்வளவு நீலம் போட்டது?" என்று கேட்டார். முதல் படத்தைத் தேடியெடுத்து மாட்டினோம்.

தங்கைமாரே, நம்மில் பலர் இன்று தூர தேசங்களில் இருக்கிறோம். அம்மாமாரின் குரலைத் தொலைபேசியில்தான் கேட்கிறோம். அவர்கள் ஏதாவது நிறம் பிழை என்று சொன்னால், தயவுசெய்து அவர்களோடு வாதாட வேண்டாம். முதலில் அவர்களின் கண்ணைக் காட்டுங்கள்.