படிவம் ஒன்றில் தவறவிடும் பிள்ளைகள்



பையன் தறிகெட்டுப் போனான் என்றால் கைப்பேசியைச் சொல்கிறோம், சினிமாவைச் சொல்கிறோம், வாத்தியார் அடிப்பதை விட்டுவிட்டார் என்கிறோம். பிரம்பு எங்கேயும் போய்விடவில்லை. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளில் மாணவியரை அடிக்கத்தான் தடை. மாணவனைத் தலைமையாசிரியர் அடிக்கலாம். அடியில் தீர்கிற காரியமென்றால் நம் அப்பா காலத்திலேயே தீர்ந்திருக்கும்.

என் கண்ணில் படுவது படிவம் ஒன்றுதான்.

பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். சிலவற்றில் நூறு பிள்ளைகள்கூடத் தேறமாட்டார்கள். எந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை, அவன் அம்மாவுக்கு எந்த ஷிப்டு என்பதெல்லாம் ஆசிரியருக்கு அத்துப்படி. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அவன் போய் நிற்பது நூற்றுக்கணக்கானோர் படிக்கும் இடைநிலைப்பள்ளியில். பெரும்பாலான பாடங்கள் மலாயில். மலாய் தேறாதவனுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு தனியாக. அதை முடித்துப் படிவம் ஒன்றுக்கு வரும்போது வகுப்பில் அவனுக்கு ஒரு வயது கூடுதல்; மீசை அரும்பியிருக்கும், இடம் கடைசி வரிசையில். ஆசிரியர் கேட்பது புரிகிறது, பதில்தான் மலாயில் வாயில் வரவில்லை. பேசாமல் நின்றால் திமிர் என்று எழுதிவிடுகிறார்கள். மக்கு என்று பெயர் வாங்குவதைவிட ரௌடி என்று பெயர் வாங்குவது பதினான்கு வயதுக்குக் கௌரவமாகப் படுகிறது.

அந்த நேரத்தில் கேண்டீனில் நாலாம் படிவத்து அண்ணன் ஒருவன், "வாடா தம்பி" என்று மீ கோரெங் வாங்கித் தருகிறான். கொஞ்ச நாளில் புத்தகப்பையில் ஒரு கும்பலின் நம்பர் ஏறும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதிலிருந்த 04, 08, 36 எல்லாம் என்னவென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

சேர்ந்து நிற்க வேண்டும் என்ற துடிப்பு நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. 1946, 47இல் பீடோங்குக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்துப் பையன்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள், கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். போலீஸ் தடியையும் பார்த்தார்கள்.  அன்று அந்தப் பையன்களைக் கூப்பிட ஒரு சாமி இருந்தார். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாகி வீடமைப்பாகி, குடும்பங்கள் சுங்கை பட்டாணி அடுக்குமாடிகளுக்கு ஏறிவிட்டன. அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. "யாருடா நீ, பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்கப் பக்கத்து லயத்துப் பாட்டி இல்லை.

தொடர்ந்து மூன்று நாள் பொந்தேங் அடித்தால் பள்ளியிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். மலாயில் வரும். கீழ்மாடித் தபால்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? பல வீடுகளில் பையனிடமேதான். கடிதம் சாக்கடைக்குப் போகும், அம்மாவுக்கு விஷயம் தெரிவது மூன்றாம் கடிதத்தில். முதல் நாளே தமிழில் ஒரு போன் போட்டால் பாதி வேலை முடிந்தது. பல இடைநிலைப்பள்ளிகளில் இதைச் சத்தமில்லாமல் செய்கிறவர் அங்கிருக்கும் ஒரே தமிழாசிரியர். அவருக்கு இதற்கென்று ஒரு பாடவேளைகூடக் கிடைப்பதில்லை.

பள்ளிக்கு வெளியிலும் வழி உண்டு. டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் வார இறுதி வகுப்புகளை நடத்தப் பல்கலைக்கழக மாணவர்களே வந்தார்கள். கணக்கு வராத பையனுக்குத் தன்னைப்போலவே தோட்டத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது பெரிய விஷயம். இப்படி வகுப்பு நடத்த இடத்துக்கும் பஞ்சமில்லை; நம் கோயில் மண்டபங்கள் வாரத்தில் பல நாள் பூட்டித்தான் கிடக்கின்றன.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அனுப்பும்போது மதிப்பெண் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். எவனுக்கு மலாய் தடுமாறும், எவன் வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எவன் பந்து நன்றாக ஆடுவான் என்று ஒரு பக்கம் எழுதி, இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் கையில் நேரில் கொடுங்கள். பள்ளி திறந்து முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.